முறைநீரும் செயலிமுறையும்

ஒரு பொருள் ஒன்றாயிருக்க, அதனை வேண்டுவோர் பலராயிருப்பின், அவ்விடத்து முறை என்பதொன்று வேண்டப்படும். முறையில்லாவிடத்து வலியோன் பெறுவான்; மெலியோன் இழப்பான். முறை உள்ளவிடத்தும், அம்முறை எத்தன்மைத்து என்பதைப் பொறுத்தே நன்மை தீமைகள் விளையும். இக்காலத்துக் கல்லூரி, மருத்துவமனை, வங்கி, அரசாங்க அலுவலகம் ஆகியவற்றின் கணக்குகளும் ஏடுகளும் சர்வர் எனப்படும் பெருங் கணிப்பொறிகளில் தங்கியிருக்கின்றன. அப்பொறிகளின் உள்ளேயும் இம் முறைவழக்கு இடையறாது நடந்துவருகின்றது. அதனைத் தீர்க்கும் வகைகள் யாவை, அவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுப்பது எங்ஙனம் என்பவற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

கொடைரோட்டைச் சூழ்ந்த நாட்டில் வாழ்வோர்க்கு இவ்வழக்குப் புதியதன்று. அவ்வூர்க்குத் தென்பால், நிலக்கோட்டை வட்டத்தில், வையையாற்றின் குறுக்கே பேரணை அமைந்துள்ளது. 1895-ம் ஆண்டில் முடிவுற்ற பெரியாற்றணையின் நீர், மலையைக் குடைந்த வழியே கிழக்கு நோக்கி வந்து வையையிற் கலந்து, பேரணையினின்று பெரியாற்றுப் பிரதானக் கால்வாயிற் புகுகின்றது. பேரணை முதற் கள்ளந்திரி வரையுள்ள இருபோக நிலம் 45,041 ஏக்கர். அந்நிலத்தின் முதற் போகத்திற்கு நீர்விடும் அரசாங்க ஆணைகளில், வினாடிக்கு 900 கன அடி வீதம் 45 நாள் முழுமையாகவும், பின்னர் 75 நாள் முறை வைத்தும், ஆக 120 நாள் நீர் விடுக என்று அமைந்தவை உண்டு. இவ்வாணையில் ஓர் ஆழ்ந்த கருத்து அடங்கியிருக்கின்றது. நாற்றுப் பாவி நடவு செய்யுங் காலத்தில் நிலம் நீருக்குக் காத்திராது. வேர் பிடித்து வளர்ந்த பயிரோ சில நாள் பொறுத்திருக்கும். எனவே, மொத்த நீர் எவ்வளவு என்பதை மாத்திரமன்றி, அது எப்பொழுது வரவேண்டும் என்பதையும் எண்ணியே முறை வகுக்கப்படுகின்றது. பங்கு சரியாயிருத்தல் ஒன்று. அப்பங்கு காலத்திற் கிடைத்தல் மற்றொன்று. இவ்விரண்டையும் வேறு பிரித்து அறிவதே நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்குத் திறவுகோலாம்.

1. மெய்ந்நிகர் யந்திரமாவது யாது?

கணிப்பொறியில் கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேற்றும் உறுப்புக்குச் செயலி என்று பெயர். இக்காலத்துச் செயலி ஒன்றனுள், தனித்தனியே வேலை செய்யவல்ல கோர் என்னும் பகுதிகள் பல உள. பழைய வழக்கத்தின்படி ஒரு பணிக்கு ஒரு பொறி என்று வைத்தால், நாளின் பெரும்பகுதியில் அப்பொறி வாளாவிருக்கும். அதற்கு இட்ட முதலும், மின்சாரமும், குளிர்ச்சிச் செலவும் வீணாம். ஆதலின், ஒரே பொறியைப் பல பொறிகள்போலத் தோற்றுவித்து, ஒவ்வொன்றிலும் ஒரு பணியை வைக்கும் வழக்கம் ஏற்பட்டது. அங்ஙனம் தோற்றுவிக்கப்பட்ட பொறியை மெய்ந்நிகர் யந்திரம் என்பர். அவற்றையெல்லாம் தாங்கி நின்று ஆள்வது ஹைப்பர்வைசர் என்னும் மென்பொருள்.

இவ்வழக்கம் நேற்றுத் தோன்றியதன்று. ஐ.பி.எம். நிறுவனத்தார் அமெரிக்காவில் 1960-களின் இடையிலேயே இதனை ஆராய்ந்து, 1972-ம் ஆண்டில் வி.எம்./370 என்னும் முறையைப் பெரும் பொறிகளுக்கென வெளியிட்டனர். பின்னர்ச் சிறு பொறிகள் மலிந்தமையால் இக்கருத்துச் சிறிது காலம் பின்தள்ளப்பட்டது. 1998-ம் ஆண்டில் விஎம்வேர் நிறுவனம் தொடங்கப்பட்டதும், 2003-ம் ஆண்டில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையார் ஸென் என்னும் ஹைப்பர்வைசரைப் பற்றித் தம் ஆராய்ச்சியை வெளியிட்டதும், 2007-ம் ஆண்டில் லினக்ஸில் கே.வி.எம். சேர்க்கப்பட்டதும் இதனை மீண்டும் உலகெங்கும் பரப்பின. இன்று மேகக் கணிமை என்று பேசப்படுவதன் அடித்தளம் பெரும்பாலும் இதுவே.

ஒவ்வொரு மெய்ந்நிகர் யந்திரமும் தனக்கெனச் செயலிகள் இருப்பதாகவே எண்ணிக்கொள்கின்றது. இவற்றை நிகர்ச் செயலி எனக் குறிப்போம். உண்மையான கோர் நான்கே இருக்க, நிகர்ச் செயலிகள் பன்னிரண்டு இருத்தல் கூடும். எக்கணத்தில் எந்த நிகர்ச் செயலியை எந்தக் கோரில் எவ்வளவு நேரம் ஓடவிடுவது என்று தீர்மானிக்கும் பகுதியே முறை வகுப்பான் ஆகும். ஆங்கிலத்தில் வழங்கும் ஷெட்யூலர் என்னும் பெயர் பலரும் அறிந்ததே.

2. முறைகளின் வகை

முறைகளுள் மிக எளியது சுற்றுமுறை. வரிசையில் நிற்போர் ஒவ்வொருவர்க்கும் சம அளவான நேரத்தைக் கொடுத்து, அது முடிந்ததும் வரிசையின் கடையில் நிறுத்துவது அது. இதிற் பாரபட்சமில்லை, ஆயின் விவேகமும் இல்லை. ஒரு கணம் போதுமானவனும், ஒரு நாள் வேண்டுபவனும் இதன்கண் ஒன்றே.

இரண்டாவது முன்னுரிமை முறை. புகைவண்டி நிலையத்தில் சரக்கு வண்டியைப் பக்கத் தடத்தில் நிறுத்தி, விரைவு வண்டியை முன்விடுதலைக் கொடைரோட்டில் இறங்கி மலையேறுவோர் பலரும் கண்டிருப்பர். இது தக்கதே. ஆனால் விரைவு வண்டிகள் ஓயாது வந்துகொண்டேயிருப்பின் சரக்கு வண்டி பக்கத் தடத்திலேயே நின்றுவிடும். கணிப்பொறி நூலோர் இதனைப் பட்டினி என்றே பெயரிட்டு வழங்குகின்றனர். முன்னுரிமையை மாத்திரம் நம்பிய முறையில் இத்தீங்கு எப்பொழுதும் உண்டு.

மூன்றாவது பங்குமுறை. ஒவ்வொருவர்க்கும் நிறை என ஓர் எண்ணைக் கொடுத்து, அந்த எண்களின் விகிதப்படி செயலியின் காலத்தைப் பகிர்வது இது. 1994-ம் ஆண்டில் வால்ட்ஸ்பர்கர், வைல் என்னும் இருவர், சீட்டுக் குலுக்கி எடுப்பதுபோல இப்பகிர்வைச் செய்யலாம் என்று காட்டினர். சீட்டு மிகுதியாக உடையவன் மிகுதியாக வெல்வான். ஒரு சீட்டுடையவனும் அடியோடு ஒழிந்துபோகான் என்பது அதன் சிறப்பு. ஸென் ஹைப்பர்வைசரில் 2006-ம் ஆண்டு முதல் நெடுநாள் வழங்கிய கிரெடிட் என்னும் முறையும் இவ்வகையைச் சார்ந்ததே. அதில் நிறையின் இயல்பான அளவு 256.

உதாரணமாக, நான்கு கோர் உள்ள ஒரு பொறியில் மூன்று மெய்ந்நிகர் யந்திரங்கள் உள்ளன எனக் கொள்வோம். அவற்றின் நிறைகள் 512, 256, 256. மொத்தம் 1024. மூன்றும் ஒருங்கே முழு வேலையிலிருப்பின், முதலாவதற்கு இரண்டு கோர் அளவும், ஏனைய இரண்டிற்கும் ஒவ்வொரு கோர் அளவும் கிடைக்கும். ஒன்று வேலையின்றியிருப்பின் அதன் பங்கை மற்றவை எடுத்துக்கொள்ளும். மேல்வரம்பு விதித்திருந்தால் மாத்திரம் அவ்வரம்பைக் கடவா. இங்கே மாணவர் பலர் வழுக்கும் இடம் ஒன்றுண்டு. நிறை 512 உடைய யந்திரத்திற்கு ஒரே நிகர்ச் செயலிதான் கொடுக்கப்பட்டிருக்குமாயின், அதனால் ஒரு கோருக்கு மேல் ஒருபொழுதும் ஆள இயலாது. கழனிக்கு இரண்டு பங்கு நீர் உரிமையிருந்தும், வாய்மடை ஒரு பங்குக்கே வெட்டியிருந்தால் பயன் என்னை?

நான்காவது கெடுமுறை. இவ்வளவு காலத்திற்குள் இவ்வளவு ஓட்டம் வேண்டும் என்று ஒவ்வொருவரும் கெடு சொல்ல, கெடு முந்தியவரை முந்தி ஓடவிடுவது இது. ஸென் ஹைப்பர்வைசரில் 2015-ம் ஆண்டு முதல் ஆர்.டி.டி.எஸ். என்னும் பெயரால் இவ்வகை முறை ஒன்று இருக்கின்றது.

3. பங்கும் காலமும்

இனி நாம் முதற்கண் கூறிய வேற்றுமையை அளவு கொண்டு காட்டுவாம். கிரெடிட் முறையில் ஒருவர்க்கு ஒரு தடவை கொடுக்கப்படும் நேரத்துண்டு இயல்பாக 30 மில்லிசெகண்டு. ஒரு கோரில் நால்வர் ஓயா வேலையுடன் இருப்பின், ஒருவர் தம் துண்டு முடிந்தபின் மீண்டும் ஓடுவதற்கு 90 மில்லிசெகண்டு காத்திருக்கவேண்டும். ஒரு நிமிஷத்தை எடுத்து அளந்தால் நால்வர்க்கும் பதினைந்து பதினைந்து வினாடி கிடைத்திருக்கும். பங்கில் அணுவளவும் குறையில்லை. ஆயின் அந்நால்வருள் ஒருவர் தொலைபேசிக் குரலைக் கடத்தும் பணியினராயின் அவர் கதி யாது? இணையவழியே செல்லும் குரல் பெரும்பாலும் 20 மில்லிசெகண்டுக்கு ஒன்றாகப் பொட்டலங்களாக அனுப்பப்படுகின்றது. 90 மில்லிசெகண்டு காத்திருப்பதற்குள் நான்கு பொட்டலங்களின் காலம் தவறிவிடும். பேசுவோர் சொல் துண்டு துண்டாகிக் கேட்போர் காதிற் படும். இராப்பொழுதில் நடக்கும் நகலெடுப்புக்கோ இத் தாமதம் ஒரு பொருட்டன்று.

நிலக்கோட்டைச் சந்தையிற் பூவும் புளியும் ஒரே வண்டிக்குக் காத்திருப்பதை ஒப்ப நோக்குக. வண்டி மாலையில் வந்தாலும் புளிக்கு நட்டமில்லை. மல்லிகை அதற்குள் மலர்ந்து வாடி விலையிழக்கும். இரண்டிற்கும் வண்டியில் ஒத்த இடம் கொடுத்துவிட்டோம் என்று சொல்லி, அதனை நியாயம் என்று நாட்ட இயலுமோ?

கெடுமுறையை வைத்து இதனை இன்னுந் தெளிவாகக் காணலாம். ஆர்.டி.டி.எஸ். முறையில் ஒவ்வொரு நிகர்ச் செயலிக்கும் ஒரு காலவட்டமும், அவ்வட்டத்துள் அது ஓடவேண்டிய நேரமும் குறிக்கப்படும். இயல்பான அளவு 10 மில்லிசெகண்டு வட்டத்துள் 4 மில்லிசெகண்டு ஓட்டம். அஃதாவது நூற்றுக்கு நாற்பது பங்கு. 100 மில்லிசெகண்டு வட்டத்துள் 40 மில்லிசெகண்டு என்று குறித்தாலும் பங்கு அதே நாற்பதுதான். ஆயினும், ஒரு வட்டத்தின் தலைப்பில் ஓட்டம் கிடைத்து, அடுத்த வட்டத்தின் கடையிலேயே மறுபடி கிடைக்குமாயின், முன்னதிற் காத்திருப்பு 12 மில்லிசெகண்டு. பின்னதில் 120 மில்லிசெகண்டு. பங்கு ஒன்று, காத்திருப்பு பத்து மடங்கு. கடைமடை உழவன் முறையிடும்பொழுது, போகத்தின் மொத்த நீர்க் கணக்கைக் காட்டி அவன் வாயை அடைப்பது எவ்வளவு பொருந்தாதோ, சராசரிக் கணக்கைக் காட்டிப் பொறியைப் புகழ்வதும் அவ்வளவு பொருந்தாது.

அங்ஙனமாயின் எல்லார்க்கும் துண்டைச் சிறிதாக்கிவிடலாகாதோ எனின், அதற்கும் விலையுண்டு. ஒருவரை நிறுத்தி மற்றொருவரை ஓடவிடும் ஒவ்வொரு தடவையும், செயலி தன் அருகே வைத்திருந்த தரவுகளை இழந்து, புதியவற்றைத் தேடிச் சேர்க்கவேண்டும். மடையை நிமிஷத்திற்கு ஒருமுறை மாற்றினால் நீரின் பெரும்பகுதி வாய்க்கால் மண்ணையே நனைத்துப் போம். ஆதலின் சிறு துண்டு விரைவைத் தரும். பெருந் துண்டு மொத்த வேலையைப் பெருக்கும். இரண்டையும் ஒருங்கே நிரம்பப் பெறல் அரிது.

கிரெடிட் முறையை ஆக்கியோர் இதனை அறியாதவரல்லர். பங்கை இன்னும் செலவிடாது உறங்கிக்கிடந்த நிகர்ச் செயலி ஒன்று விழித்தெழுந்தால், அதனைச் சிறிது நேரம் வரிசையின் முன்னே விட ஏற்பாடு செய்தனர். அதனாற் சிறுவேலை உடையோர் விரைந்து விடை பெறுவர். ஆயின் ஒரே மெய்ந்நிகர் யந்திரத்துள் குரல் கடத்தும் பணியையும், ஓயாது கணக்கிடும் பணியையும் சேர்த்து வைத்தால், அது உறங்குவதே இல்லை. எனவே முன்செல்லும் சலுகையும் அதற்கு இல்லை. அவசரப் பணியையும் ஆறுதற் பணியையும் ஒரே யந்திரத்துள் கலவாமை நன்று என்னும் விதி இதனின்று பெறப்படும்.

கே.வி.எம். வழங்குமிடத்தில் மெய்ந்நிகர் யந்திரங்களுக்கு முறை வகுப்பது லினக்ஸின் பொது முறையே. அங்கே 2007-ம் ஆண்டு முதல் சி.எஃப்.எஸ். என்னும் பங்குமுறை வழங்கியது. 2023-ம் ஆண்டில் வெளிவந்த 6.6 என்னும் பதிப்பில் ஈ.ஈ.வி.டி.எஃப். என்னும் முறை அதனிடத்தைப் பெறத் தொடங்கிற்று. ஸ்டோய்க்கா, அப்தெல்-வஹாப் என்னும் ஆராய்ச்சியாளர் 1990-களிலேயே கூறிய முறை அது. அதில் நிறை பங்கைத் தீர்மானிக்கும். துண்டின் அளவு கெடுவைத் தீர்மானிக்கும். சிறு துண்டு கேட்பவர்க்குக் கெடு முந்தும். ஆயின் பங்கு மிகாது. பங்கும் காலமும் வெவ்வேறு என்பதை முறையே ஒப்புக்கொண்டு நிற்றலின், இது கருதத்தக்க முன்னேற்றமாம். ஸென் ஹைப்பர்வைசரிலும் 2019-ம் ஆண்டில் வந்த 4.12 பதிப்பு முதல் கிரெடிட்2 என்னும் திருந்திய முறை இயல்பு முறையாக்கப்பட்டது.

4. கணக்கெடுக்கும் வழி

முறை எவ்வளவு நல்லதாயினும், ஒருவர் எடுத்துக்கொண்டது எவ்வளவு என்று அளக்கும் வழி குறையுடையதாயின் முறை கெடும். கிரெடிட் முறையில் முதலில் 10 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை பார்த்து, அக்கணத்தில் எவர் ஓடிக்கொண்டிருந்தாரோ அவர் கணக்கிற் செலவு எழுதப்பட்டது. அமெரிக்காவில் நார்த்ஈஸ்டர்ன் சர்வகலாசாலையைச் சேர்ந்த நால்வர், 2011-ம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில் இதன் ஓட்டையைக் காட்டினர். கணக்கெடுக்கும் கணத்திற்குச் சற்று முன்னே உறங்குவதுபோல ஒதுங்கிக்கொண்டு, அது கழிந்ததும் எழுந்து ஓடும் மெய்ந்நிகர் யந்திரம் ஒன்று, தன் கணக்கிற் செலவே ஏறாமல், தங்கள் சோதனையிற் செயலியின் காலத்தில் நூற்றுக்கு 98 வரை கவர்ந்துகொண்டது என்று அவர்கள் எழுதினர். நீர்பாய்ச்சி வரும் வேளையறிந்து உடைப்பை அடைத்து, அவன் தலை மறைந்ததும் திறந்துவிடும் வயற்காரனது தந்திரம் இதுவேயன்றோ! பின்வந்த முறைகள் ஓடிய காலத்தை உள்ளவாறே அளந்து கழிக்கின்றன. ஒரு பொறியை அந்நியர் பலர் கூலிக்குக் கொள்ளுமிடத்தில் இதனை முதலில் விசாரித்தறிதல் வேண்டும்.

அத்தகைய இடங்களில் வேறோர் எச்சரிக்கையும் உண்டு. ஒரு கோரினுள் இரண்டு ஓட்டங்களை ஒருங்கே நடத்தும் அமைப்புப் பல செயலிகளில் இருக்கின்றது. அவ்விரண்டும் ஒரே நினைவுக் களஞ்சியத்தைப் பகிர்ந்துகொள்வன. 2018-ம் ஆண்டில் வெளிப்பட்ட ஒரு குறைபாட்டினால், ஒன்றன் இரகசியத்தை மற்றொன்று அறியக்கூடும் என்பது தெரியவந்தது. அதன்பின், ஒரே கோரில் வெவ்வேறு மெய்ந்நிகர் யந்திரங்களை ஒருங்கே ஓடவிடாத முறைகள் வலுப்பெற்றன. மைக்ரோஸாஃப்ட் நிறுவனத்தார் விண்டோஸ் சர்வர் 2019 பதிப்பில் இவ்வகையையே தம் ஹைப்பர்-வி முறையின் இயல்பாக்கினர். லினக்ஸிலும் 2021-ம் ஆண்டில் இதற்கு வழி செய்யப்பட்டது. இதனாற் சிறிது வேகம் குறையலாம். ஆயினும் அயலாருடன் பகிரும் பொறியில் அவ்விலை கொடுக்கத்தக்கதே.

5. மிகுதியும் குறையே

பல நிகர்ச் செயலிகளைக் கொடுத்தால் யந்திரம் விரைந்தோடும் என்பது பலர் எண்ணம். இது முழு உண்மையன்று. ஒரு யந்திரத்தின் நிகர்ச் செயலிகள் தம்முள் ஒன்றுக்கொன்று பூட்டும் திறவும் கொடுத்து வேலை செய்வன. பூட்டைக் கையில் வைத்திருக்கும் நிகர்ச் செயலியை ஹைப்பர்வைசர் இடையே நிறுத்திவிட்டால், ஏனையவை அதனை எதிர்பார்த்து வீணே சுழலும். ஆதலால் ஒரே யந்திரத்தின் செயலிகளை ஒருங்கே ஓட்டுவது நலம் என்னும் கருத்து 1982-ம் ஆண்டிலேயே ஊஸ்டர்ஹவுட் என்பவராற் கூறப்பட்டது. விஎம்வேர் நிறுவனத்தாரின் பழைய பதிப்பில் இது கடுமையாகக் கைக்கொள்ளப்பட்டது. நான்கு நிகர்ச் செயலி உடைய யந்திரம் நான்கு கோரும் ஒருங்கே ஒழியுமளவும் காத்திருக்கவேண்டியிருந்தது. 2006-ம் ஆண்டில் வந்த மூன்றாம் பதிப்பில் இவ்விதி தளர்த்தப்பட்டது. எனினும், வேலைக்கு இரண்டு போதுமாயிருக்க நான்கு கேட்டு வாங்கிய யந்திரம், தானும் துன்புற்று அயலாரையும் துன்புறுத்தும் என்பது இன்றும் பொருந்தும்.

மற்றொன்றும் நினைவிற்கொள்ளத் தக்கது. செர்க்கஸோவா, குப்தா, வாஹ்தாத் என்னும் மூவர் 2007-ம் ஆண்டில் ஸென் ஹைப்பர்வைசரின் மூன்று முறைகளை ஒப்பிட்டு ஆராய்ந்தனர். முறை ஒன்றாயினும், அதற்குக் கொடுக்கும் அளவுகளைப் பொறுத்து விளைவு பெரிதும் மாறுகின்றது என்பதை அவர்கள் காட்டினர். அன்றியும், ஏனை யந்திரங்களின் வலைப்போக்குவரவையெல்லாம் ஏற்று நடத்தும் தலைமை யந்திரத்திற்குச் செயலி குறைந்தால், அவற்றிற்கு எவ்வளவு கொடுத்தும் பயன் குன்றும். தலைமதகு அடைபட்டிருக்க, கிளை வாய்க்காலை அகலப்படுத்துவோர் உளரோ?

6. தெரிந்தெடுக்கும் வழி

இனி, ஒரு கல்லூரியின் பொறுப்பில் ஒரு சர்வர் இருக்கின்றது எனக் கொள்வோம். மதிப்பெண் காட்டும் பக்கம், நூலகப் பட்டியல், பாடங்களைப் படக்காட்சியாக மாற்றும் பணி, இரவு நகலெடுப்பு என நான்கு யந்திரங்கள் அதில் உள. அப்பொறுப்பாளர் செய்யவேண்டியவை இவை.

முதலாவது, ஒவ்வொரு பணியும் எவ்வளவு வேண்டும் என்று கேட்பதற்கு முன், எவ்வளவு நேரம் காத்திருக்கக்கூடும் என்று கேட்டறிக. மதிப்பெண் பக்கம் வினாடிக்கணக்கிலும் காத்திராது. நகலெடுப்பு விடியுமளவும் காத்திருக்கும்.

இரண்டாவது, மாற்றுமுன் அளந்து பார்க்க. லினக்ஸ் யந்திரத்துள் டாப் என்னும் கட்டளை காட்டும் எஸ்.டி. என்னும் எண், தான் ஓட விரும்பியும் ஓடவிடப்படாத காலத்தைக் குறிக்கும். விஎம்வேர் முறையில் ரெடி என்னும் அளவு அதனையே குறிக்கும். அதன் உடனிகழ் வரைபடம் 20 வினாடிக்கு ஒருமுறை கணக்குக் காட்டுவது. ஒரு நிகர்ச் செயலிக்கு அதில் 1000 மில்லிசெகண்டு எனக் கண்டால், காத்திருப்பு நூற்றுக்கு ஐந்து என்று கொள்க. சராசரியை மாத்திரம் நோக்காது, நெருக்கடி மிக்க வேளையை நோக்குக.

மூன்றாவது, நிகர்ச் செயலிகளைத் தேவைக்கு மிஞ்சிக் கொடாதொழிக. காத்திருப்பு மிக்கிருப்பின், கூட்டுவதற்கு முன் குறைத்துப் பார்த்தல் பலவிடத்தும் பயன் தரும்.

நான்காவது, பொதுப் பணிகளுக்கு ஹைப்பர்வைசரின் இயல்பான பங்குமுறையே போதும். அவசரமானதற்கு நிறையை உயர்த்தி, ஆறுதலானதற்குத் தாழ்த்துக. மேல்வரம்பைச் சிக்கனமாக விதிக்க. ஏனெனின் பொறி வாளாவிருக்கும்பொழுதும் அது வேலையைத் தடுக்கும். கூலிக்கு விடுமிடத்தில் வாக்களித்த அளவைக் காக்க அது உதவும்.

ஐந்தாவது, குரல், யந்திரக் கட்டுப்பாடு முதலிய கெடுவுள்ள பணிகளுக்குக் கெடுமுறையைக் கொள்க. அல்லது ஒரு கோரை அதற்கென்றே ஒதுக்கிப் பிணித்துவிடுக. ஒதுக்கிய கோர் சிலபோது வெறிதே இருக்கும். அவ்வீண் செலவு காலத்திற்குக் கொடுக்கும் விலையென அறிக.

இறுதியாக, கோர்களெல்லாம் எந்நேரமும் நிரம்பி வழியுமாயின், எம்முறையும் உதவாது. முறை என்பது உள்ளதைப் பகிருமேயன்றி இல்லதைப் படையாது. வையை வறண்ட ஆண்டில் முறைநீருக்கு முறையேது? அப்பொழுது பணியைக் குறைத்தலும், நேரத்தை மாற்றி வைத்தலும், புதிய பொறி வாங்குதலுமே வழி. நேரம் மாற்றும் வழி எளியதாயும் செலவற்றதாயும் இருத்தலை நம் இரயில்வேயிற் காண்க. தத்கால் சீட்டுப் பதிவைக் குளிர்வசதி வகுப்புக்குக் காலை 10 மணி, ஏனையவற்றிற்கு 11 மணி என்று பிரித்துவைத்தமையால், ஒரே கணத்தில் வந்து மோதும் கூட்டம் இரண்டாகப் பிரிகின்றது.

இவையெல்லாம் பொறிவல்லார்க்கே உரிய நுணுக்கம் என்று நம் மாணவர் ஒதுக்கிவிடலாகாது. பொறியியற் கல்லூரிகளுக்கு மாணவரைச் சேர்க்கும் கலந்தாய்வு 2018-ம் ஆண்டு முதல் நம் மாநிலத்தில் இணையவழியாக நடைபெறுகின்றது. விரும்பிய கல்லூரியைக் குறித்த காலத்துள் குறித்துக்கொடாதவன் இழக்கின்றான். தேர்வு முடிவு வெளிவரும் காலையில் ஆயிரமாயிரம் கைகள் ஒரே பக்கத்தைத் தட்டுகின்றன. அவற்றுள் ஒன்று, அம்மையநாயக்கனூர்ச் சிற்றூர் ஒன்றில், மெலிந்த இணைப்புள்ள கைப்பேசியைப் பிடித்து நிற்கும் ஏழைப் பிள்ளையின் கை. மொத்தத்திற் பெரும்பாலோர் விடை பெற்றனர் என்னும் சராசரிக் கணக்கில் அப்பிள்ளை தோன்றான். அவனே கடைமடைக்காரன்.

தலைமடை நிரம்பியதைக் கண்டு மகிழ்வது எளிது. கடைமடைக்கு நீர் எப்பொழுது சென்றது என்று நடந்துபோய்ப் பார்த்து வருபவனே நல்ல நீர்பாய்ச்சி. நம் மாணவருட் பலர் நாளை இத்தகைய பொறிகளை ஆளும் பொறுப்பை ஏற்பர். அவர்கள் முறையொன்றைத் தெரிந்தெடுக்கும்பொழுது, எவர்க்கு எவ்வளவு கிடைத்தது என்பதோடு நில்லாது, எவர் எவ்வளவு நேரம் காத்திருந்தார் என்பதையுங் கேட்பாராக. அக்கேள்வியை மறவாதவர் எம்முறையைக் கைக்கொள்ளினும் பெரிதும் தவறார்.